உன் பெயருக்கு நேரே

நியூயார்க்
22 மார்ச் 1962

அன்புள்ள கோரா,

நீயும் உன் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள்? கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய பேரிக்காய் ஜாம் ஒரே வாரத்தில் தீர்ந்தது. நன்றி சொல்லி எழுத மூன்று மாதமாகியிருக்கிறது. என் லட்சணம் உனக்குத் தெரியாததா.

கலிபோர்னியா வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து பத்து நாளாகிறது. மறுபடியும் நாடகம். சினிமாக்காரர்களுக்கு என் முகம் புளித்துவிட்டது. போன வருடம் முழுக்க ஒரு கொலைகாரனுக்கு அம்மாவாக நடித்தேன், தொலைக்காட்சியில் துணி சோப்பைத் தூக்கிக் காட்டினேன், அவ்வளவுதான். இந்த நாடகம் ஓர் அக்காவையும் தங்கையையும் பற்றியது. ஐம்பத்து நாலு வயதில் நான்தான் தங்கை. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். ஒத்திகை ஏப்ரல் ஒன்பது, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது. அக்கா வேடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

எந்தக் கொட்டகை தெரியுமா? நாற்பத்தைந்தாம் தெருவில் நம்முடையதேதான். மேடைவாசலில் அதே பச்சைப் பலகை. அதில் அதே மாதிரி கையெழுத்துத் தாள், அச்சடித்த பெயர்கள், பெயருக்கு நேரே வெற்றுக்கோடு. அதைப் பார்த்ததும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். காவலாளி பயந்துபோய், உக்காருங்கம்மா, தண்ணி கொண்டாரேன் என்றான். நம் நாளில் அதே வாசலில் காவலாளியாக இருந்த டூலியைப் பற்றி அவனிடம் விசாரித்தேன். கிழவர் நாற்பத்து நாலிலேயே போய்விட்டாராம்.

அதனால்தான் இந்தக் கடிதம், கோரா. அவரிடம் சொல்ல இனி வழியில்லை. உன்னிடமாவது சொல்லிவிட வேண்டும்.

அந்தப் புதன்கிழமை மதிய ஆட்டம் உனக்கு மறந்திருக்காது. நீ கதாநாயகி, நான் உனக்கு மாற்று நடிகை. இரண்டரைக்கு ஆட்டம். இரண்டு மணிக்கு மேடை மேலாளர் பிரென்னர் தாளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதற்குள் எவள் பெயருக்கு நேரே கையெழுத்து இல்லையோ அவளுக்கு அன்று வேடம் இல்லை. ஒருத்திக்காக இன்னொருத்தி போடக் கூடாது என்பது சட்டம். நாம் எந்தச் சட்டத்தை மதித்தோம்? நான் தூங்கிப்போன நாலு தடவையும் எனக்காக நீதான் போட்டாய். உன் எழுத்தைவிட என் எழுத்தை நீ அழகாகப் போடுவாய்.

அன்று நீ ஹார்ட்ஃபோர்டில் உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தாய். ரயில் பனியில் மாட்டிக்கொண்டது. வழியில் ஒரு ஸ்டேஷனிலிருந்து நீ போன் செய்தாய், டூலி எடுத்தார். பிறகு அவர் என்னைத் தேடி மாடிப்படி ஏறி வந்து, கோரா கொஞ்சம் தாமதமா வருமாம், உன்னையே கையெழுத்துப் போட்டுடச் சொல்லுச்சு பாப்பா என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். சரி என்றேன். அவர் என்னிடம் சொன்னார், கோரா. சொன்னார்.

அன்று உன்னைப் பார்க்கத்தான் ஹாலிவுட் ஸ்டுடியோ ஆள் ஒருவர் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் அது தெரியும். பலகை முன்னால் பேனாவைத் திறந்து நின்றேன். என் பெயருக்கு நேரே போட்டேன். உன் பெயர் அதற்கு இரண்டு வரி மேலே இருந்தது. பேனாவை மூடிவிட்டேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

நீ இரண்டு பத்துக்கு ஓடி வந்தபோது உன் உடையை நான் போட்டிருந்தேன். ஆள் மாற்றத்தைச் சொல்லும் துண்டுத்தாள் நிகழ்ச்சி நிரல்களுக்குள் ஏறிவிட்டது. பிரென்னர் மசியவில்லை. நீ அழவில்லை. என் முதுகில் இருந்த பதினோரு கொக்கிகளையும் நீயே மாட்டிவிட்டாய். உன் விரல்கள் ஜில்லென்று இருந்தன. போடி போ, என் மானத்தையும் சேர்த்துக் காப்பாத்து என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினாய்.

ஆட்டம் முடிந்ததும் பிரென்னர் விசாரித்தார். நான் சொன்னேனே என்றார் டூலி. யாரும் என்கிட்ட எதுவும் சொல்லலை என்றேன் நான். அவர் மேல் எப்போதும் விஸ்கி வாடை அடிக்கும், அதனால் எல்லோரும் என்னை நம்பினார்கள். நீயும் நம்பினாய். அவரை அன்றே வேலையை விட்டு அனுப்பினார்கள். தொப்பியை எடுத்துக்கொண்டு போகும்போது அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையை நான் எந்தப் படத்திலும் எந்த நடிகரிடமும் பார்த்ததில்லை.

மற்றது ஊருக்கே தெரியும். ஏழு வருட ஒப்பந்தம். ஹெஸ்டர் பிளங்கெட் என்றால் டிக்கெட் விற்காது என்று என்னை லின் ஹார்ட்வெல் ஆக்கினார்கள், முன்பற்கள் இரண்டைப் பிடுங்கி வேறு வைத்தார்கள். முப்பத்தொரு படம். ஆறில் நாயகி, பிறகு நாயகியின் தோழி, பிறகு அம்மா. ஒவ்வொரு பேட்டியிலும், எப்படித் தொடங்கினீர்கள் என்று கேட்பார்கள். அன்று கோராவுக்குத் திடீரென்று காய்ச்சல் என்பேன். நீ அதைப் படித்திருப்பாய். ஒரு வரி மறுத்து எழுதவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் வாழ்த்து அட்டைதான் அனுப்பினாய். அந்த அட்டைகள் வரும் நாளில் எனக்குச் சோறு இறங்காது.

அந்த நாடகம் அதற்கு மூன்றாம் வாரம் நின்றது, நீ அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போனாய், காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சு மேசையோடு உன் வயசு போயிற்று. நான் கெடுத்தேன் என்று சொல்வதற்கு இருபத்தாறு வருடம் எடுத்துக்கொண்டேன். நான் கெடுத்தேன், கோரா. நீ என்னைவிட நல்ல நடிகை. அது அந்த ஸ்டுடியோ ஆளைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும்.

நேற்று இயக்குநரிடம் அக்கா வேடத்துக்கு உன் பெயரைச் சொன்னேன். யாருங்க அது என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பாவம், சின்ன வயசு. ஆனால் நான் செய்த காரியம் என்னவென்று அந்தக் கேள்வியில்தான் எனக்கு முழுசாக விளங்கியது. அவரைவிடப் பெரிய குரலில், யாருன்னு வந்து வாசிக்கும்போது தெரியும் என்றேன். சரி, முதல் நாள் வரட்டும், கேட்டுப் பார்க்கலாம் என்றார். தாளில் உன் பெயரையும் அச்சடிக்கச் சொல்லிவிட்டேன்.

இதைக் கிழித்துக் குப்பையில் போட உனக்கு உரிமை உண்டு. என் முகத்தில் முழிக்காதே என்று எழுது, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்பதாம் தேதி வா. எனக்காக வேண்டாம். அந்த மேடை உனக்குப் பாக்கி வைத்திருக்கிறது, அதற்காக வா. கடவுள் உன் முழங்காலுக்குப் பலம் கொடுக்கட்டும்.

ரயில் தாமதமானால் மேடைவாசலுக்குப் போன் செய். நானே அங்கு நின்றுகொண்டிருப்பேன். உன் பெயருக்கு நேரே இந்தத் தடவை போட்டுவிடுகிறேன்.

என்றும் உன் கடன்காரி,
ஹெஸ்டர்