உன் சிவப்பு வண்டியும் என் பிக்கப்பும்

இன்று காலை ஜாக்கியைத் தேடி என் பிக்கப்பின் பின்சீட்டைத் தூக்கினேன். கையில் வந்தது அந்த நைலான் கயிறு. பெட்ரோல் வாடை இன்னும் போகவில்லை. உன் வண்டியின் வாடை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் உட்கார்ந்துவிடுகிறேன், அவ்வளவு களைப்பு.

கூரையில்லாத, இரண்டே சீட்டு உள்ள சிவப்பு வண்டி, உன் அப்பா விட்டுப்போனது. பெங்களூரு பிரேசர் டவுன் வேகத்தடைகளில் வயிற்றை உரசிக்கொண்டுதான் ஏறும். மழை வந்தால் நீ ஓட்ட, பக்கத்தில் நான் குடை பிடிக்க வேண்டும். என் பிக்கப்போ லிங்கராஜபுரத்திலிருந்து மண்டபங்களுக்கு நாற்காலியும் பந்தல் சாமானும் சுமக்கிற வண்டி. ஏசி உண்டு, கேமரா உண்டு, சாவியைத் திருப்பினால் கிளம்பும். "இது வண்டியாடா? சக்கரம் வச்ச பீரோ!" என்பாய். பிறகு நடுரோட்டிலிருந்து நீயே போன் பண்ணுவாய். ஹலோ கூடக் கிடையாது. "மச்சான், கயிறு எடுத்துட்டு வா."

அந்த பீரோதான் ஒவ்வொரு முறையும் உன் அழகியை இழுத்துவந்தது. கண்ணாடியில் பார்த்தால், நீ ஏதோ ஊர்வலம் போகிறவன்போல இருபக்கமும் கையாட்டிக்கொண்டு வருவாய். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மகளைக் கல்யாணத்தன்று சர்ச்சுக்கு அந்த வண்டியில்தான் கூட்டிப்போவேன் என்று அவள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து சொல்லிவந்தாய். தேதியும் குறித்தபின் மாரடைப்பில் போய்ச்சேர்ந்தாய். உன் வாக்கு என் தலையில் விழுந்தது. மெக்கானிக்குகளோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டினேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் அருமையாக ஓடியது. மறுநாள், மல்லிகைச் சரம் சுற்றி, உன் மகள் ஏறி உட்கார்ந்து, நான் ஸ்டார்ட் பண்ணினால், இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. கோட்டுக்குள் வேர்த்து ஊற்றியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பிக்கப்ல ஏசி போட்டுவிடுறேன்மா, அதுல போயிடலாம்" என்றேன்.

அவள் இறங்கவில்லை. வெள்ளை கவுனைச் சுருட்டிப் பிடித்தபடி, நான் எழுந்த இடத்துக்கு, உன் இடத்துக்கு, நகர்ந்தாள். "கயிறு இருக்குல்ல அங்கிள்? கட்டுங்க. ஸ்டியரிங்க நான் புடிச்சுக்கிறேன்."

மெதுவாக இழுத்துப் போனேன். சிக்னலில் போலீஸ்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மற்ற வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். உன் மகள் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தெருவில் நின்றவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டு வந்தாள். அன்று மட்டும் எனக்கு எரிச்சல் வரவில்லை.

அவள் இப்போது கணவனோடு எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறாள். உன் வண்டி என் பந்தல் சாமான்களுக்கு நடுவே நிற்கிறது. அதை எடுக்க எனக்கு மனமும் இல்லை, தெம்பும் இல்லை. என் பிக்கப்போ நடுவழியில் எங்கும் நிற்பதே இல்லை. இதற்குக் கயிறு எதற்கு என்று வெளியே எறியப் போனேன்.

எறியவில்லை. சுருட்டி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். போன் அடிக்கும்போதெல்லாம் இன்னமும் நீதானோ என்றுதான் எடுக்கிறேன் மச்சான். கயிறு வண்டியில்தான் இருக்கிறது.