கேட்டுவிட்டுப் போகட்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம்தான், அம்மாவின் முழங்கால் மட்டும் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால், விடுங்கப்பா, ஊர் வம்பு உங்களுக்கு எதுக்கு என்று முடித்துவிடுவாய், கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். சலூன் ஏதோ ஓடுகிறது. பெரிய நாற்காலி இறங்கினால் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, அதனால் நான்தான் குனிந்து வெட்ட வேண்டியிருக்கிறது, சாயங்காலம் கடையைச் சாத்தும்போது இடுப்பு என்னுடையதா வேறு யாருடையதா என்று தெரியவில்லை.

தொண்டு நிறுவனத்து மேடம் ஒருவர் வருகிறார், வேலைக்கு என்று சொல்லிப் பெண்களையும் பிள்ளைகளையும் ஏமாற்றிக் கூட்டிப்போய் விற்றுவிடுகிறார்களே, அதைப் பற்றித் தெருத் தெருவாகப் பேசுகிறார் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அவரோடு நானும் அம்மாவும் சேர்ந்துகொண்டோம். கடை விடுமுறை நாளில் சலூனிலேயே கூட்டம். வருகிறவர்கள் பாதிப் பேர் மின்விசிறிக் காற்றுக்கு வருகிறார்கள், மீதிப் பேர் அவர்களைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். மேடம் தொண்டை வற்றப் பேசி முடித்ததும் ஏதாவது சந்தேகம் இருக்கா என்று கேட்டால், தையல் இலவசமா கத்துக் கொடுப்பீங்களா என்று கேட்கிறார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் அவர் கொடுத்த சுவரொட்டியை ஒட்டியிருக்கிறேன். என் மூஞ்சியைப் பாக்கலாம்னு வந்தா அழுவுற புள்ள மூஞ்சியையில்ல காட்டுறீங்க என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். இத்தனைக்கும் பாதி முடிதான் வெட்டியிருந்தேன். மீதியை எங்கே போய் வெட்டிக்கொண்டாரோ.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஆள் கடைக்கு வர ஆரம்பித்தான். உள்ளே நுழையும் முன்பே சென்ட் வாசனை வந்துவிடும், அதனால் நாங்கள் அவனுக்கு சென்ட்காரன் என்றே பெயர் வைத்திருந்தோம். தங்கமான பேச்சு. என்னைப் பெரியப்பா என்பான். ஒரு நாள் சவரம் செய்துகொண்டிருக்கும்போது அவனுக்குப் போன் வந்தது. முகமெல்லாம் நுரையோடு, எல்லாம் ரெடி, கார்டுங்க எங்கிட்டதான் இருக்கு, எங்க ஓடப் போவுதுங்க என்று சொல்லிச் சிரித்தான். கத்தி அப்போது அவன் தொண்டைப் பக்கம் இருந்தது. நான் சவரம் மட்டும்தான் செய்தேன், சத்தியம். அவன் போனதும் கடையைப் பாதியில் சாத்திவிட்டு விசாரித்தேன். வெளியூரில் பெரிய ஓட்டலில் வேலை வாங்கித் தருகிறேன் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரிடம் அடையாள அட்டையை வாங்கி வைத்திருக்கிறான். அதில் நம் இஸ்திரிக் கடைக்காரர் மகளும் ஒருத்தி, வாய் ஓயாமல் பேசுவதால் நீ குருவி என்று கூப்பிடுவாயே, அவளேதான்.

இஸ்திரிக் கடைக்காரர் எனக்குத் தம்பி மாதிரி என்று உனக்குத் தெரியும். உரிமையோடு போய்ச் சொன்னேன். அவர் பெட்டியைத் துணி மேலிருந்து எடுக்காமலேயே கேட்டார், அண்ணே, ஒங்க பொண்ணு விமானம் ஏறலாம், நல்லா இருக்கலாம், எம்பொண்ணு மட்டும் இங்கயே கரித்தூள்ல கெடந்து சாவணுமா என்று. துணி தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் பெட்டியை எடுத்தார். நீ ஏஜென்சி மூலமாகத்தானே போனாய். நாம் அந்த ஆபீசுக்கு அலைந்தது, நீ வேலை செய்யப்போகும் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுப் பேசியது, ஒப்பந்தத்தை உன் சித்தப்பா வரிவரியாகப் படித்துக் காட்டியது எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது, ஆனால் அதை அவரிடம் சொன்னால் பெருமை பேசுகிற மாதிரி இருக்குமே என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. இருக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம், நல்லது சொல்லப்போய் கெட்டவன் ஆகிவிட்டோம் என்று அம்மாவிடம் புலம்பினேன்.

அம்மா கேட்டுக்கொண்டே பாத்திரங்களைக் கழுவி வைத்தாள். மறுநாள் காலையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். குருவியின் வீட்டில் போய், போகாதே என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையாம். உட்கார்ந்து அவளுடைய துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்திருக்கிறாள். மடித்துக்கொண்டே, ஓட்டல் பேரு என்னம்மா, எந்தத் தெருவுல இருக்கு, உங்கூடத் தங்குறவங்க யாரு, அங்க போய் உடம்பு சரியில்லேன்னா யாருக்குப் போன் பண்ணுவே என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறாள். குருவி எல்லாவற்றுக்கும், அந்த அண்ணன் பாத்துக்குவாரு, அந்த அண்ணன் பாத்துக்குவாரு என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம். கடைசியில் அம்மா, நீ போயிட்டு வா கண்ணு, வழியனுப்ப நானே வரேன், அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை பண்ணு, பேங்குல கேக்குறாங்கன்னு சொல்லி உன் கார்டை அவங்கிட்ட ஒருநாளைக்குத் திருப்பிக் கேளு, குடுத்தான்னா நானே உன் பையைத் தூக்கிட்டு வந்து வண்டி ஏத்துறேன் என்றிருக்கிறாள்.

குருவி கேட்டுவிட்டாள். முதலில் சிரித்தானாம், பிறகு என்மேல நம்பிக்கை இல்லையா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டானாம். இவளைத்தான் உனக்குத் தெரியுமே, பிடித்தால் விடமாட்டாள், நச்சரித்திருக்கிறாள். அப்போது அவன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை அவள் உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, அழுதுகொண்டே ஓடி வந்து எங்கள் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். வராம ஏமாத்துனா உன் அப்பனையும் விடமாட்டேன் என்று மிரட்டியதை மட்டும் சொன்னாள். மேடத்தை வரவழைத்து எல்லோரும் காவல் நிலையத்துக்குப் போனோம். இஸ்திரிக் கடைக்காரரும் வந்தார், என்னோடு பேசவில்லை, ஆனால் வந்தார். பெஞ்சில் உட்காரவைத்தார்கள், உட்கார்ந்தோம், அப்புறம் வாங்க என்றார்கள், மேடம் அசையவில்லை. புகாரை எழுதி வாங்குவதற்குள் சென்ட்காரன் அறையைக் காலி செய்துவிட்டான். அவனிடம் அட்டையைக் கொடுத்திருந்த நம் காய்கறிக் கடை அக்காவின் மகளும் அவள் தோழியும் அதற்கு முந்தைய நாளே அவன் ஆட்களோடு ரயிலேறிவிட்டார்கள். மேடம் வழியில் உள்ள ரயில்வே போலீசுக்கெல்லாம் போன் போட்டார். தோழி ஒரு ஸ்டேஷனில் கிடைத்துவிட்டாள், தண்ணீர் பிடிக்க இறங்கியவள் போலீஸ்காரம்மாவைப் பார்த்து நின்றுவிட்டாளாம். காய்கறிக் கடை அக்காவின் மகள் அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள், தோழியிடம் விசாரிப்பதற்குள் வண்டி போய்விட்டது. இன்னும் கிடைக்கவில்லை. தேடுகிறார்கள், வெளிநாட்டுக்கும் கடத்திவிடுவார்கள் என்று மேடம் சொல்கிறார்.

இதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தது. ஒருத்தி போகவில்லை, ஒருத்தி திரும்பி வந்தாள், அதற்காக நிம்மதியாக மூச்சு விடலாம் என்று பார்த்தால் அந்த அக்கா கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறாள். எதுவும் கேட்பதில்லை. நான் முடி வெட்டிக்கொண்டே இருக்கிறேன். களைப்பாக இருக்கிறது மகளே. போன கூட்டத்தை வேண்டாம் என்று மேடத்திடம் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தேன். சொல்லவில்லை, கூட்டம் நடந்தது. வழக்கம்போல மேடம் பேசி முடித்து, சந்தேகம் இருக்கா என்று கேட்டார், வழக்கம்போல யாரோ தையல் எப்போ கத்துக் கொடுப்பீங்க என்றார்கள். அப்போது காய்கறிக் கடை அக்கா எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நல்லா பேசுறவன்னு நான் ஒண்ணுமே கேக்கல, நீங்க கேளுங்க, கோவிச்சுக்குவாங்கன்னு பாக்காதீங்க, கோவிச்சுக்கிட்டுப் போனா போகட்டும், கேட்டுட்டு அனுப்புங்க என்றாள். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். பிறகு பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, எம்பையனை மீன்பிடிக் கப்பல் வேலைக்குக் கூப்பிடுறாங்க, என்னென்ன கேக்கணும்னு சொல்லுங்க என்றாள். அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள், இருட்டும்வரை கடையைச் சாத்த முடியவில்லை.

குட்டிக்குப் பல் முளைத்ததை அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் ஒற்றுமையாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் உங்களுக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் ஆஸ்பத்திரியிலோ நீ இருக்கும் கட்டடத்திலோ தரை துடைக்கிற பெண்கள், பாத்திரம் கழுவுகிற பெண்கள் இருப்பார்கள். யாரோடும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு போகிற ஒருத்தியைப் பார்த்தால், நீ எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் நின்று, சாப்பிட்டியாம்மா, எந்த ஊரு என்று கேள். நம் பாஷை புரிகிறதா என்று பார். காய்கறிக் கடை அக்காவின் மகளுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அப்பா
(அம்மாவும்தான், பக்கத்தில் நின்று படித்துவிட்டாள்)