பாரம் போதாத கமரா

24.8.2001, வெள்ளி

சோளகக் காற்று. காலையிலிருந்து புழுதி. கமராவைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன்.

வரும் வியாழன் பின்வீட்டுக் கௌரிக்குக் கலியாணம். விடியற்புறம் கோயிலில் தாலி, பிறகு வீடு வரைக்கும் நடை. அந்த நடையை நான்தான் எடுப்பேன் என்று சித்திரையிலேயே பேச்சு.

பெரியண்ணை வந்தார். (இனி பெ.அ. மட்டும்தான். அவருக்கு இதற்குமேல் மை செலவழிக்க மாட்டேன்.) ஸ்டூடியோ அவருடையது, கமராவும் அவருடையது. கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார்.

"மாப்பிள்ளையின்ர பெரியம்மா ஒரு மாதிரிக் கதைக்கிறா, வசந்தி. நொண்டுற பொம்பிளை சோடிக்கு முன்னாலை போகக் கூடாதாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்ல? உன்ர படமும் ஆடுதுதானே. ஒட்டுசுட்டான் ரூபனைக் கேட்டு வைச்சிருக்கிறன். புதன்கிழமை நடந்து எடுத்துக் காட்டு. ஆடினால் கமரா அவனிட்டைப் போகும். இந்தக் கலியாணத்துக்கு மட்டுமில்லை."

அவர் போனபிறகு குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதேன். கோபத்தில்தான்.

படம் ஆடுவது உண்மை. கிளிநொச்சியை விட்டு ஓடி வந்தபோது உழவுமெசின் பெட்டியிலிருந்து விழுந்து உடைந்த கால், கட்டையாகப் பொருந்திவிட்டது. நான் நடந்து எடுத்தால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் வள்ளத்தில் வருகிற மாதிரி.

அதற்காகத்தான் பட்டிச்சட்டை செய்தேன். வயலுக்கு மருந்தடிக்கும் டாங்கியின் தோள்பட்டிகள், இடுப்பில் ஒரு தகடு, தகட்டிலிருந்து முன்னுக்கு நீளும் இரும்புக் கை, கையில் இரண்டு ஸ்பிரிங். நுனியில் கமரா. நான் நொண்டுவதை ஸ்பிரிங் விழுங்கிவிடும். ஒட்டியது வெல்டிங் கடைச் சிவமண்ணை, யோசித்தது நான். ஆனால் அது பழைய பெரிய கமராவுக்கு அளவாகச் செய்தது. போன மாரியில் பங்கர் குழிக்குள் தண்ணீர் ஏறி அந்தக் கமரா செத்துப்போனது. இப்போது இருப்பது பெ.அ.வுக்கு மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சின்னது. உள்ளங்கைக்குள் அடங்கும்.

25, சனி

பட்டிச்சட்டையை மாட்டி, சின்னக் கமராவைப் பூட்டி, கையை விட்டேன். துள்ளி மேலே வந்து மூக்கில் அடித்தது. இரத்தம்.

ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றினேன். இப்போது முழங்காலில் அடித்தது.

ஒன்றென்றால் விழுகிறது, இரண்டென்றால் பறக்கிறது. வேறு ஸ்பிரிங்குக்கு வவுனியாவுக்கா போவது? அங்கே போகப் பாஸ் கிடைப்பதற்குள் கௌரிக்குப் பிள்ளை பிறந்துவிடும். ஸ்பிரிங்கை மாற்ற முடியாது, கமராவைத்தான் மாற்ற வேண்டும். பாரம் ஏற்ற வேண்டும்.

மூக்கு வீக்கம். அரிசி புடைத்தேன். கோழி அடைக்கவில்லை, அம்மா ஏசினா.

26, ஞாயிறு

மணலைச் சீலைப் பையில் போட்டு கமராவுக்குக் கீழே கட்டினேன். நின்றது! முற்றத்தில் ஒரு சுற்று நடந்தேன். கிணற்றடிக்கு வந்தபோது கமரா ஒருபக்கம் சரிந்து கிடக்கிறது. உள்ளே மணல் ஓடுகிறது. நான் நொண்டுகிற பக்கம் அதுவும் சாய்கிறது. என்னோடு ஒற்றுமையாம்.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

"ஊருலகத்திலை ஆக்கள் பாரத்தைக் குறைக்கத்தான் பாக்கிறவை. நீ ஏன் பிள்ளை கூட்டுறாய்?"

"பாரம் இருந்தால்தானம்மா அது ஆடாமல் நிக்கும்."

"இடுப்பு முறியப் போகுது."

"முறியட்டும்."

பாவம், முகம் கறுத்துவிட்டது. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

27, திங்கள்

தேவை: மணலைப் போல ஓடாதது. கல்லைப் போல இடம் அடைக்காதது. சின்னதாய், பாரமாய்.

நாயாற்றிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் யேசுராசா அண்ணர் இன்று திரளி கொண்டு வந்தார். மீனைப் பார்க்காமல் வலை ஈயம் இருக்கிறதா என்று கேட்டேன். வலை தாழ்வதற்கு அடியில் கோர்க்கிற ஈயம்.

"ஏன் தங்கச்சி, கமராவைக் கடலுக்கை இறக்கப் போறியோ?"

"இல்லை அண்ணர், அது பறக்குது. கீழை இழுக்க வேணும்."

சிரித்தார். ஆனால் நாளைக்குக் கொண்டுவாறன் என்றார்.

28, செவ்வாய்

கொண்டுவந்தார். பிய்ந்த வலையிலிருந்து உருவிய ஈயங்கள், இன்னும் உப்பு மணம். பழைய பெல்ற் துணியில் அறை அறையாகத் தைத்து, அறைக்கு ஒன்றாகப் போட்டேன். ஓட வழியில்லை. கமராவின் அடியில் சுற்றினேன். கொஞ்சம் எழும்பியது. இன்னொன்று போட்டேன். தாழ்ந்தது. ஒன்றை எடுத்தேன். சின்னதொன்றைப் பாக்குவெட்டியால் பாதியாக வெட்டிப் போட்டேன்.

கையை விட்டேன்.

நின்றது. மேலே தள்ளினேன், அங்கே நின்றது. கீழே அமத்தினேன், அங்கேயே நின்றது. விட்ட இடத்தில்.

யாரும் இல்லை. முற்றத்தில் நான் மட்டும். "பார்த்தியா?" என்று கோழிக்குச் சொன்னேன்.

(பாக்குவெட்டி வாய் மழுங்கிவிட்டது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.)

29, புதன்

பெ.அ. வந்தார், கூடவே ரூபன். ரூபன் நல்ல பெடியன், என்னைப் பார்க்க வெட்கப்பட்டான். பட்டிச்சட்டையோடு தபாற்கந்தோர் வரைக்கும் நடந்து எடுத்தேன். பிறகு கமராவைக் கழற்றி பெ.அ.வின் கையில் கொடுத்து, அதே தூரத்தை நடந்து எடுக்கச் சொன்னேன்.

ஜெனரேற்றரைப் போட்டு ரீவியில் பார்த்தோம். முதலில் அவருடையது. வேலியும் ஆடுது, தெருவும் ஆடுது, மாடும் ஆடுது. இரண்டு காலும் ஒரே அளவான மனிசன் எடுத்தது. பிறகு என்னுடையது.

ரூபன்தான் முதலில் வாய் திறந்தான். "அக்கா, இது தெப்பத்திலை வழுக்கிப் போற மாதிரியெல்லோ கிடக்கு."

பெ.அ. கதிரையில் இருந்தார். "அப்ப பெரியம்மா?"

"அவாவுக்குப் படம் வேணுமோ, என்ர கால் வேணுமோ எண்டு கேளுங்கோ."

30, வியாழன்

கலியாணம். விடிய முதலே எழும்பிக் குளித்தேன். பச்சைச் சீலை, அதற்குமேல் பட்டிச்சட்டை. அழகு சொல்லி வேலையில்லை.

கோயில் வாசலில் கமராவைப் பூட்டிக் கையை விட்டால், அது முகம் குப்புறக் கவிழ்கிறது! பார்த்தால் முன்பக்கத்தில் ஒரு தேசிக்காய், மூன்று செத்தல் மிளகாயோடு தொங்குகிறது. நாவூறு படக்கூடாதென்று அம்மா கட்டிவிட்டிருக்கிறா.

"உந்தத் தேசிக்காயைக் கழட்டு," பெ.அ.

"கழட்டினால் நான் வீட்டை போறன்," அம்மா.

உள்ளே மேளம் தொடங்கிவிட்டது. ரூபன் சைக்கிளில் சாய்ந்து நிற்கிறான். இரண்டு பேரையும் வாயை மூடச் சொன்னேன். முன்பக்க அறையிலிருந்து ஒரு ஈயத்தை உருவினேன். கையை விட்டேன். நின்றது. தேசிக்காய் ஈயத்தின் வேலையைப் பார்த்தது.

தாலி கட்டுவதை எடுத்தேன். பிறகு நடை. சூரியன் முதுகுக்குப் பின்னால் எழும்பி வருகிறது, எதிரே மாப்பிள்ளையும் கௌரியும், நான் பின்பக்கமாக நடக்கிறேன். மாப்பிள்ளையின் பெரியம்மா என் காலையே பார்த்துக்கொண்டு வந்தா. நன்றாகப் பார்க்கட்டும். என் பட்டியைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்து, குழி, கல், வளைவு என்று சொல்லிச் சொல்லிக் கூட்டிப் போனது. திரும்பிப் பார்க்க முடியாது. குரல் பெ.அ.வினுடையது.

வீட்டு வாசல் படலை வரைக்கும் ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை.

இப்போது இடுப்பு கழன்று போகிறது. அம்மா நல்லெண்ணெய் பூசிவிட்டா. பாக்குவெட்டியைக் கண்டுபிடித்தும்விட்டா.

31, வெள்ளி

காற்று குறைவு. ஜெனரேற்றரில் மண்ணெண்ணெய் மட்டுமட்டு. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கக் கசெற் அடிக்க வேண்டும். பெ.அ.வும் நானும் இருந்து பார்த்தோம்.

நடை வந்தது. மாலை, குடை, கௌரியின் முகம், எல்லாம் அசையாமல். ஆனால் அவர்களின் காலடியில், மணல் தெருவில் நீளமாக ஒரு நிழல். என்னுடையது. காலை வெயில் அதை முன்னுக்குத் தள்ளியிருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் சாய்கிறது, நிமிர்கிறது, சாய்கிறது. நேற்று அதைக் காணவேயில்லை.

பெ.அ. மெதுவாகச் சொன்னார்: "படம் திறம், வசந்தி. கமரா உன்னோடையே இருக்கட்டும். அந்த நிழல் வாற இடத்தை மட்டும் வெட்டிவிடு. பெரியம்மா காணுவா."

நான் எழும்பி டெக்கில் புதுக் கசெற்றைப் போட்டேன்.

"படம் நொண்டேல்லைத்தானே அண்ணை?"

"இல்லை."

"நொண்டினது நான். நான் வந்தனான் எண்டு அதிலை கிடக்கட்டும்."

தொடக்கத்திலிருந்து ஓடவிட்டேன். ஒரு இடத்திலும் வெட்டவில்லை.