கமராவின் அரை மணித்தியாலம்

அலவத்துகொட
29.09.2006

அன்புள்ள கமலாசனி அக்காவுக்கு,

இப்படிக் கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்க. ஈமெயில் இருக்கும்போது இதென்ன என்று நினைப்பீங்க. ஆய்வுகூடத்துக் கணினியில் எழுதினால் யாராவது முதுகுக்குப் பின்னால் நின்று வாசிப்பாங்க. இதை உங்களைத் தவிர யாரும் வாசிக்கக்கூடாது.

நாங்க எல்லோரும் சுகம். நோன்பு நடக்கிறது. கண்டிக்கு வரும் பஸ்ஸை இப்போது சோதனைக்கென்று இரண்டு இடத்தில் நிறுத்துறாங்க. போன கிழமை ஒரு சிப்பாய் என் பையிலிருந்த ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கி, இதற்குள் என்ன என்று கேட்டார். எனக்கு வந்த சிங்களத்தில் "எலியின் மூளை" என்றேன். சட்டென்று கீழே வைத்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டாங்க. நானோ பேராதனை ஆய்வுகூடம் வரும் வரை பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

நீங்க ஒஸ்லோ போகுமுன் மே மாதம் இங்கே எடுத்த பதிவுகளைப் பிரித்து முடித்துவிட்டேன். எலியின் மூளைக்குள் வைத்த கம்பிகளில் எந்தத் துடிப்பு எந்த நரம்புக் கலத்தினுடையது என்று பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. நீங்க கண்டுபிடித்தது அப்படியே வருகிறது: எலி விழிப்பதாகக் கமரா காட்டும் நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்பே ஒரு கூட்டம் கலங்கள் துடிக்கத் தொடங்குகின்றன.

ஆனால் ஒரு நாள் கரண்ட் போயிருக்கிறது. கம்பிகளைப் பதியும் கணினி, கமராக் கணினி இரண்டும் பற்றரியில் ஓடியிருக்கின்றன. கம்பிகளில் எப்போதும் கலந்திருக்கும் மின்சார இரைச்சல் அப்போது இல்லாமல் போகிறது. கமராப் படத்தில் கூண்டு விளக்கு அணைகிறது. இரண்டும் ஒரே நொடியில் நடந்திருக்க வேண்டும். கமராவிலோ விளக்கு அரை மணித்தியாலம் பிந்தித்தான் அணைகிறது.

நோன்பு திறக்கும் நேரத்தைச் சொன்னால் உம்மா இன்னும் "பழைய டைமா, புது டைமா புள்ள?" என்று கேட்கிறா. ஏப்ரலில் நாட்டு நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைத்தாங்களே, அப்போது பதிவுக் கணினியை மாற்றிய நீங்க கமராக் கணினியையும் மாற்றினீங்களா? நான் பிழையாக விளங்கியிருக்கலாம். அப்படி இருந்தால் ஏசுங்க.

அன்புடன்,
றம்லத்


ஒஸ்லோ
17.10.2006

அன்பின் றம்லத்,

உம்முடைய கடிதம் இண்டைக்குத்தான் கிடைச்சுது. சிப்பாயின்ர கதைக்குச் சிரிச்சன். மிச்சத்தை வாசிக்கச் சிரிப்புப் போயிட்டுது.

ஓம், ஏப்ரலில நான்தான் நேரம் மாத்தினனான். ரெண்டையும் மாத்தின மாதிரித்தான் ஞாபகம். சத்தியம் பண்ணச் சொன்னால் மாட்டன்.

அம்மா யாழ்ப்பாணத்தில தனிய. ஓகஸ்டில சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டினாப் பிறகு அரிசிக்கும் வரிசை, மாவுக்கும் வரிசை. ரெலிபோன் கிடைச்சால் "நான் நல்லாத்தான் இருக்கிறன்" எண்டு மட்டும் சொல்லுறா. இந்த ஆய்வு முடிவு நிலைச்சு நிண்டால்தான் டிசம்பரில என்ர புலமைப்பரிசிலை நீட்டுவினம். நீட்டினால் அம்மாவைக் கூப்பிடலாம். இல்லாட்டி நான் திரும்ப வரவேணும். எங்கை எண்டு வாறது, சொல்லும் பாப்பம்? இங்கத்தைப் பேராசிரியர் எங்கட வரைபடத்தைத் தன்ர அறைக் கதவில ஒட்டி வைச்சிருக்கிறார். நாளாந்தம் அதைத் தாண்டித்தான் போறன்.

ஒரேயொரு கரண்ட் கட்டை வைச்சுக்கொண்டு எல்லாத்தையும் உடைக்காதேயும். அந்த ஒரு நாளை எடுத்துப்போட்டு மிச்சத்தை அனுப்பும். கட்டுரையில உம்முடைய பெயர் ரெண்டாவதா வரும். வாப்பாவுக்குச் சொல்லும், சந்தோசப்படுவார்.

பெருநாள் வாழ்த்துகள்.

அன்புடன்,
கமலாசனி


அலவத்துகொட
05.11.2006

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவைப் பற்றி வாசித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. உம்மாவும் தொழுதுவிட்டு அவவுக்காக துஆக் கேட்கிறா.

நீங்க சொன்னபடி அந்த நாளை எடுத்துவிட்டேன். பிறகு மனம் கேட்காமல் மற்ற நாட்களிலும் தேடினேன். மே மாதத்து மழைக்கு எத்தனை தரம் கரண்ட் போய் வந்தது என்று உங்களுக்கே தெரியும். ஒரு நொடி போய் வந்ததுகூடக் கம்பியில் தெரிகிறது. ஒவ்வொன்றும் கமராவில் அதே அரை மணித்தியாலம் பிந்துகிறது. நேரத்தைச் சரிப்படுத்தி எல்லாவற்றையும் மீண்டும் ஓடவிட்டேன். எலி விழிக்கும்போதுதான் கலங்களும் விழிக்கின்றன. அதற்கு முன் ஒன்றும் இல்லை, அக்கா. பிழை என்னுடையதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே திரும்பத் திரும்ப ஓடவிட்டேன்.

நேற்று இங்கே ஆய்வுகூடத்து ஸேர் "என்ன றம்லத், முடியவில்லையா?" என்று கேட்டார். "இன்னும் இல்லை ஸேர்" என்றேன். காது சூடாகிவிட்டது. அவர் காய்ச்சலா என்று கேட்டார்.

இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கும் டிஸ்கில் இரண்டு கணக்கும் இருக்கிறது: நீங்க கேட்டது ஒன்று, நேரம் சரிப்படுத்தியது ஒன்று. எதைப் பேராசிரியரிடம் கொடுங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் உம்மா பக்கத்து அறையில் இருக்கிறா. உங்கள் அம்மா அரிசி வரிசையில் நிற்கிறா.

வாப்பாவுக்குச் சொன்னது என் அவசரம். எங்கள் குடும்பத்தில் முதலாவதாகக் கெம்பஸ் போனவள் நான் என்பதைச் சொல்லியே வாழைக்குலை விற்றவர் அவர். இப்போது கட்டுகஸ்தோட்டைச் சந்தை முழுக்க, "மகள்ட பேர் வெளிநாட்டுப் புத்தகத்தில வரப்போகுது" என்கிறார். பக்கத்துக் கடை நளீர் நானா, "எலியைப் பத்தியா? அப்ப எங்கட கடைக்கும் ஒருக்கா அனுப்புங்க, அரிசி மூட்டையெல்லாம் ஓட்டை" என்றாராம். வாப்பா அதையும் பெருமையாகவே வந்து சொன்னார்.

ஒன்று கேட்க வேண்டும். மேலேயே எழுதத் தொடங்கி, பயந்து விட்டுவிட்டேன். சரிப்படுத்தியதை நீங்க கொடுத்தால், பேராசிரியர் கேட்கும் எதற்கும் இரவு பகல் பாராமல் கணக்குப் போட்டுத் தருவேன். மற்றதைக் கொடுத்தால் கோபிக்கமாட்டேன், யாரிடமும் சொல்லவும் மாட்டேன். வாப்பாவுக்கு என்ன சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கொடுப்பதாக இருந்தால், என் பெயரை எடுத்துவிடுங்க, அக்கா.

றம்லத்