கரைக்குக் கொஞ்சம், வாய்க்குக் கொஞ்சம்

செப்டம்பர் 24, 2023, ஞாயிறு

காலை: இட்லி மூன்று, சர்க்கரை போடாத காபி. சுகர் வந்ததிலிருந்து தின்பதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் உத்திரமேரூர் டாக்டர். பேனாவை எடுத்த பிறகு இட்லியோடு நிறுத்த முடியுமா?

இன்றைக்கு எங்கள் ஏரிக்கரையில் பனை விதை நடும் விழா. பந்தல், மைக், பச்சைத் தொப்பி, சுக்கு காபி. ஞாயிறு காலையில் கரைமேல் நடக்கிற எங்கள் பெண்கள் கூட்டம்தான் நடத்தியது. கூட்டம் என்று பெயர், வேலை முழுக்க வளர்மதி ஒருத்தியுடையது. தோப்பு தோப்பாக அலைந்து, விழுந்து கிடந்த பனம்பழத்தைப் பொறுக்கி, கொட்டையைச் சாக்கில் கட்டி, புருஷன் வினோத்குமார் கம்பெனி ஷிப்டு முடிந்து வந்ததும் அவனைத் தூங்கவிடாமல் பைக்கில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். நாங்கள் போய்த் தொப்பி போட்டுக்கொண்டோம்.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் பூமி சூடாவதைப் பற்றி விடாமல் பேசினார்கள். பக்கத்து வீட்டு ஆண்டாளம்மாள் என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினாள். பிறகு எல்லோரும் நட்டோம். நான் நட்டது கலங்கலுக்குப் பக்கத்தில், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகிற இடம். ஒரே கல். இடுப்பு ஒடிந்தது.

அக்டோபர் 1, ஞாயிறு

நடக்கும்போது கேட்டேன், "இந்தப் பனை வளர எத்தினி வருஷம் ஆவும் வளரு?"

"கரைய இறுக்கிப் புடிக்கப் பத்துப் பதினஞ்சு வருஷம் ஆவும்க்கா."

"அது வரிக்கும்?"

"அது வரிக்கும் மழை பெஞ்சா தூங்க மாட்டேன். இப்ப மட்டும் தூங்கிக்கினா கீறேன்?"

அவள் நிலம் கரைக்கு நேர் கீழே. முன்னே ஒரு ஐப்பசி மழையில் அந்த இடத்தில் கரை சரிந்து, கதிர் வாங்கின நெல்மேல் மண் மூடிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் அந்த மண்ணைக் கூடை கூடையாக வாரிக் கொட்டியதை நான் பார்த்திருக்கிறேன். வேறு யாராவது என்றால் நிலத்தை விற்றுவிட்டு ஊரையும் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு நாளைய சமையலை நினைத்தாலே அலுப்பு. இவள் பதினைந்து வருஷத்துக்கு இப்போதே வேலை செய்கிறாள். என்ன பெண்ணோ!

நவம்பர் 30

மழை. நடக்கவில்லை. பஜ்ஜி தின்றேன். எத்தனை என்று எழுத மாட்டேன்.

ஜனவரி 13, 2024, சனி

என் வீட்டுக்காரர் பை நிறையப் பனங்கிழங்கு கொண்டுவந்தார். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தேன். என்ன ருசி! நார்கூட இல்லை. எங்கே வாங்கினீர்கள் என்றதற்கு, "வாங்கறதா? நம்ம ஊர்லயே கெடைக்கிது" என்று சிரித்தார். தெருவெல்லாம் கிழங்கு அவிக்கிற வாசனை.

ஜனவரி 14, ஞாயிறு, போகி

பாவி மனுஷன்!

காலையில் கரைக்குப் போனால் வரிசையாகக் குழி. நாங்கள் நட்ட இடமெல்லாம் குழி. கிழங்கைப் பிடுங்கிவிட்டால் அப்புறம் மரம் ஏது? தலையிலிருந்து கால் வரைக்கும் எனக்கு எரிந்தது. நேற்று நான் ருசித்துத் தின்றது இதைத்தான். வளர்மதி ஒரு குழியில் காலால் மண்ணைத் தள்ளினாள், அப்புறம் அதையும் விட்டுவிட்டாள்.

கொடுமை அதோடு முடியவில்லை. திரும்பி வந்தால் அவள் வீட்டு வாசலில் இவரும் ஆண்டாளம்மாளும் இளித்துக்கொண்டு நிற்கிறார்கள். இவர் கையில் வாழைநாரில் கட்டின கிழங்குக் கட்டு.

"வளரு, நீ நட்டது. ஊரே துன்னுட்டு உன்னதான் வாழ்த்துது. இந்தா, உன் பங்கு."

அவள் அந்தக் கட்டைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். "சரி மாமா" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "இன்னா வேல பண்ணி வச்சிக்கீறீங்க? அந்தப் பொண்ணு வயித்தெரிச்சல கொட்டிக்கினு என்னையும் அத்த அவிக்க வச்சீங்களே!" இவருக்கு முகம் செத்துவிட்டது. நிஜமாகவே தெரியவில்லை மனுஷனுக்கு.

"பனங்கொட்டைய பொதைக்கிறது எதுக்கு? பொங்கலுக்குக் கெளங்கு புடுங்கத்தானே? மைக்ல அம்மாநேரம் பேசினாங்களே, தோண்டாதீங்கன்னு ஒரு வார்த்த சொன்னாங்களா?"

சொல்லவில்லைதான். கொட்டையைப் புதைத்தால் கிழங்குக்கு என்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நாங்கள் பத்து பதினைந்து பேர் நட்டோமே, எங்களுக்கு அது தோன்றவே இல்லையே?

ஜனவரி 28, ஞாயிறு

போன வாரமும் வளர்மதி வரவில்லை, இன்றும் வரவில்லை. நடப்பதாகச் சொல்லிப் போய், கரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு வந்தோம். அவள் விட்டுவிட்டால் எல்லாம் அவ்வளவுதான். பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 4, ஞாயிறு

வந்துவிட்டாள்!

"அந்தக் கெளங்க அன்னிக்கி நானும் துன்னேன்க்கா. அழுதுகினே துன்னேன். நல்லாத்தான் இருந்திச்சி." சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். எனக்குத்தான் கண் கலங்கியது.

நடை முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. தெருக்குழாய் அருகில் நின்று எல்லோரிடமும் சொன்னாள். குரலில் கோபம் துளிகூட இல்லை. "கெளங்கு ஆசைய யாரு வுட முடியும்? வர்ற வருஷம் வூட்டுக்கு வூடு பின்னால பாத்தி போடுங்க. கொட்ட நான் தரேன். கரைக்குக் கொஞ்சம், வாய்க்குக் கொஞ்சம். கரையில கீறத மட்டும் வுட்டுடுங்க. அதுக்குக் கீழதான் என் சோறு கீது."

இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டார். வளர்மதி இடத்தில் நான் இருந்திருந்தால் தெருவையே நாறடித்திருப்பேன்.

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு

இரண்டாவது நடவு. பந்தல் இல்லை, மைக் இல்லை, தொப்பியும் இல்லை. வந்த கூட்டமோ போன வருஷத்தைவிட அதிகம். கையில் ஆளுக்கு இரண்டு பை, ஒன்று கரைக்கு, ஒன்று வீட்டுக்கு. இவர் கடப்பாறையோடு முதல் ஆளாக நின்றார்.

"மாமா, குழி நீங்களே எடுக்கறீங்களா?" என்றாள் வளர்மதி.

"தோண்டறது எனக்குக் கைவந்த கலையாச்சே" என்றார். சிரித்துச் சிரித்து ஆண்டாளம்மாளுக்கு விக்கல் வந்துவிட்டது.

டிசம்பர் 1, ஞாயிறு

புயல் மழை. வளர்மதி நிலத்துக்கு மேலே கரை லேசாக விரிசல் விட்டுவிட்டது. விடிந்ததும் இவரும் தெரு ஆட்களும் மண்மூட்டை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். யாரும் போய்க் கூப்பிடவில்லை. கரை நின்றுவிட்டது. மத்தியானம் எல்லோருக்கும் அவள் வீட்டில்தான் ரசஞ்சோறு.

ஜனவரி 13, 2025, திங்கள், போகி

எங்கள் பாத்தியைத் தோண்டிக் கிழங்கை அவித்தோம். இவர் முதல் கட்டைக் கட்டி, போன வருஷம் போலவே வளர்மதி வாசலுக்கு எடுத்துப் போனார். அவள் வாங்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க தோண்டினது மாமா?"

தெருவே சிரித்தது. "எங்க வூட்டுக்குப் பின்னால தாயி! வேணுன்னா குழிய வந்து பாரு!" என்றார் இவர்.

அங்கேயே ஒன்றை உரித்து, இரண்டாகப் பிளந்து, பாதியை இவரிடம் கொடுத்தாள். இவர் அதை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். புகை என்றார். போகிப் புகை அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

சாயங்காலம் ஞாயிறு இல்லாவிட்டாலும் கரைக்குப் போனோம், வளர்மதியும் நானும். போன வருஷம் கல்லுக்குப் பயந்து கலங்கல் பக்கம் யாரும் தோண்டவில்லை போலிருக்கிறது. அங்கே நான் நட்டது விரல் அகலத்துக்கு ஒற்றை இலை விட்டிருக்கிறது. ஆடு கடிக்காமல் சுற்றி முள் வைத்திருக்கிறார்கள். யார் வைத்தது என்று வீட்டில் கேட்டால் இவர் பேப்பர் படிப்பதாகப் பாசாங்கு செய்கிறார்.

வளர்மதி அங்கிருந்து கரைக்கோடி வரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு குழிகூட இல்லை.