என் பங்குக்கு வந்த 347

மச்சான்,

காலையில் உன் மனைவி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். உன் கல்லறைக் கல்லில் வெட்டப்போகும் வாசகம். சிலுவை, பெயர், அதன் கீழே 318893. "அண்ணே, நாளைக்கு வெட்ட ஆரம்பிக்காங்க. நம்பரு சரிதானான்னு பாத்துச் சொல்லுங்க" என்று குரல் செய்தி வேறு. அப்போதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மும்பை குர்லா பட்டறையில் நம் லேத் மெஷினின் பித்தளைத் தகட்டில் இருந்த எண். "ஏல, இது பகா எண்ணாத்தான் இருக்கும்" என்றாய். ஒற்றைப்படை, ஐந்தில் முடியவில்லை, இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்திரண்டு, எனவே மூன்றும் ஒழிந்தது. இனி 7 முதல் 563 வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும், அடுத்து வரும் 569-ஐ அதனாலேயே பெருக்கினால் நம் எண்ணைத் தாண்டிவிடும் என்று நீதான் சொன்னாய். மொத்தம் நூறு எண்கள். ஒன்று விட்டு ஒன்றாக ஆளுக்கு ஐம்பது. கோவண்டியில் ரயிலேறி குர்லாவில் இறங்குவதற்குள் தினம் ஆளுக்கு ஒன்று. நீ டிபன் பைமேல் தாளை வைத்து வகுப்பாய். நான் மனக்கணக்குப் புலி என்று பீற்றிக்கொள்வேன்.

"பாத்தாச்சால?"

"பாத்தாச்சு. போகல."

347 என் பங்குக்கு வந்தது. முந்தின நாள்தான் சேட் உன்னை மேஸ்திரி ஆக்கியிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது, மச்சான். திலக் நகர் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வகுக்காமலே "போகல" என்றேன்.

நூறும் முடிந்த அன்று பட்டறை முழுக்க ஜிலேபி கொடுத்தாய். வீட்டுக்குப் போய் அவளிடம், "நாம ரெண்டு பேரும் இந்த நம்பரு மாதிரிட்டி, ஒருத்தனும் பிரிக்க முடியாது" என்று சொன்னாயாம். அதைக் கேட்ட பிறகு சரிபார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்று பார்த்தேன். 347-ஐ 919-ஆல் பெருக்கினால் 318893. மூன்று தடவை போட்டேன். மிச்சமே இல்லை.

"சரிதான்" என்று தட்டிவிட்டு அழித்தேன். கல்லறைத் தோட்டத்துக்கு வந்து எவன் வகுத்துப் பார்க்கப் போகிறான்? நீ பார்ப்பாய். அடுத்தவன் கல்லில் இருந்தாலும் விடமாட்டாய். அவளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், வயிற்றெரிச்சல் உட்பட.

முழுவதும் கேட்டாள். பிறகு, "அவரு கேட்டப்ப பாத்தாச்சுன்னுதான சொன்னீங்க?" என்றாள்.

"ஆமா."

வைத்துவிட்டாள். கல்லில் எண் இருக்குமா, இருக்காதா, தெரியவில்லை. நாளைக் காலை அவள் வாசலில் போய் நிற்கப் போகிறேன்.

உனக்குப் பிறகு இப்போது நான்தான் மேஸ்திரி. பையன்கள் அளவு சரி என்றாலும் நானே ஒரு தரம் அளக்கிறேன், போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் அளக்கிறேன். என் பின்னால் சிரிக்கிறார்கள். அந்த ஐம்பது நாளில் நீ என்னை ஒரு தடவைகூட "நெசமாவால?" என்று கேட்டதில்லை.