பச்சைப் படத்தில் தென்னை

12.11.1987, வியாழன். ஹம் நகரம், ஜேர்மனி.

மேல்மாடியில் இருக்கும் ஓவியர் கரீபியன் தீவொன்றில் பிறந்தவர். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடமாக வெறும் நிறங்களையும் கோடுகளையுமே வரைகிறார். நாளை அவருடைய கண்காட்சி. படங்களை மாட்டிக் கொடுக்க நானும் என் அறையில் இருக்கும் யோகன் அண்ணையும் போனோம்.

பெரிய பச்சைப் படத்தை மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்த அண்ணை, “தம்பி, உது தென்னையெல்லோ. வடிவாத் தெரியுது” என்றார். ஓவியர் சந்தோஷப்படுவார் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் அதை அவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. “நான் பிறந்த இடத்தை வைத்துப் பத்திரிகைக்காரர்களும் ஒவ்வொரு முறையும் இதைத்தான் எழுதுகிறார்கள்” என்றார். பிறகு படத்தைக் கழற்றித் தலைகீழாக மாட்டினார்.

“இப்ப வேர் மேலயெல்லோ நிக்குது” என்று அண்ணை என் காதுக்குள் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே என்னைக் காண்கிறவர்கள் எல்லாரும் எங்கள் நாட்டுச் சண்டையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் கரம் போர்ட் நன்றாக விளையாடுவேன் என்பது ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்லி நேற்றுத்தான் அண்ணையிடம் எரிந்து விழுந்தேன்.

இன்று அந்த மனிதருக்கு நானே போய்த் தென்னையைக் காட்டியிருக்கிறேன்.